கைம்பெண்ணின் பங்கு

விஜயலட்சுமி பண்டிட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு அடையாளங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, நேருவின் தங்கை. மற்றொன்று, 1953இல் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைமை வகித்த முதல் பெண். அலகாபாத் நகராட்சி அந்தப் பேச்சில் வருவதில்லை. 1930களின் நடுவில் அவர் அந்த நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கல்விக் குழுவின் தலைவராக இருந்தார். 1937 தேர்தலில் வென்று ஐக்கிய மாகாண அமைச்சரவையில் உள்ளாட்சி, பொதுச் சுகாதாரத் துறைகளை ஏற்றார். சற்று முன்புவரை தான் உறுப்பினராக அமர்ந்திருந்த நகராட்சி போன்ற மன்றங்கள் எல்லாம் அவருடைய கோப்புகளுக்குள் வந்தன.

1979இல் வெளியான அவருடைய தன்வரலாற்றை, 'தி ஸ்கோப் ஆஃப் ஹேப்பினஸ்', ஒரு பெண் படிப்படியாக ஏறிய கதையாகவே முதலில் வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்தபோது 1944ஐத் தாண்ட முடியவில்லை.

அந்த ஜனவரியில் அவருடைய கணவர் ரஞ்சித் பண்டிட் இறந்தார். வழக்கறிஞர், 'ராஜதரங்கிணி'யை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், சிறைவாசத்தில் உடல் கெட்டவர். உயில் எழுதவில்லை. மூன்று மகள்கள், மகன் இல்லை. அதைக் காரணம் காட்டியே கணவரின் குடும்பம் சொத்துக்கு உரிமை கோரியது. ஒரு மாகாணத்தின் நகராட்சிகளை நிர்வகித்த பெண்ணுக்குத் தன் வீட்டில் பங்கு கேட்க வலுவான சட்டம் இல்லை.

இதன் தொடர்ச்சியை அவர் வேறொரு சிறு கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அமெரிக்கா புறப்படும் முன் காந்தியிடம் விடைபெறப் போகிறார். உறவினர்களோடு சமாதானமாகிவிட்டாயா என்று காந்தி கேட்கிறார். காலாவதியான சட்டத்தை வைத்து அவமானப்படுத்தியவர்களோடு தனக்கு எந்த உறவும் வேண்டாம் என்கிறார் இவர். உன்னைத் தவிர வேறு யாரும் உனக்குத் தீங்கு செய்ய முடியாது என்பது காந்தியின் பதில். இவர் போய் உறவைச் சீர்செய்கிறார். தனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அது என்று நன்றியோடு எழுதுகிறார்.

அந்த நன்றியை என்னால் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. அவருக்கு மனநிம்மதி கிடைத்திருக்கலாம். அதை மறுக்க நான் யார்? ஆனால் சட்டம் செய்த தீங்கு அங்கே ஒரு பெண்ணின் மனக்கசப்பாகச் சுருங்கிவிடுகிறது. பெருந்தன்மை அவளிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. அவரைத் தாங்கிப் பிடிக்கப் பிறந்த வீடு இருந்தது. 1946இல் அதே துறைகளுக்கு மீண்டும் அமைச்சராகவும் முடிந்தது. அப்படியொரு பிறந்த வீடு வாய்க்காத கைம்பெண்ணுக்கு அந்த அறிவுரை என்ன தந்திருக்கும்?

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவியையும் மகளையும் வாரிசாக ஏற்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே மணமான மகள்களை அது வெளியே நிறுத்தியது. 2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று ஆனது. நாம் அந்த இடங்களை எண்ணுகிறோம், எண்ணத்தான் வேண்டும். ஆனால் ஊராட்சித் தலைவியைப் பேட்டி காணப் போகும் என் மாணவிகளிடம் இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: அம்மா, உங்கள் வீட்டு வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது?