ஃபெல்லோவும் அவ்வினையாளரும்: கூடிக் கற்றல் குறித்துச் சில குறிப்புகள்

நகரங்களில் சமூக மாற்றத்திற்காக இயங்குபவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதற்கென்று 'ஃபெல்லோஷிப்' என்றொரு ஏற்பாடு கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் நம்மிடையே பெருகியிருக்கிறது. உதவித்தொகை உண்டு, பயிலரங்கு உண்டு, களப்பயணம் உண்டு. முடிவில் ஒரு சான்றிதழும் உண்டு. இது நல்லதா கெட்டதா என்கிற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. இந்த ஏற்பாடு தண்டையார்பேட்டைக்குள் வரும்போது யாரைக் கற்பவராகவும், யாரைக் கற்கப்படும் பொருளாகவும் ஆக்குகிறது என்பதே கேள்வி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். வடசென்னைக்கு இந்தச் சொல் புதிதல்ல. இங்குள்ள கிறிஸ்தவ சபைகளில் அதற்கு 'ஐக்கியம்' என்று பெயர், விவிலியத் தமிழ் கொடுத்த சொல். சங்க அலுவலகங்களில் அதற்குப் பக்கத்தில் வருவது 'தோழமை'. தெருவிலோ 'ஃபெல்லோ' என்றால் பாதி வசவு! தமிழ்நாடு அரசு 2022இல் திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய முதலமைச்சர் ஃபெல்லோஷிப்புக்குத் தமிழில் இட்ட பெயர் 'முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்'. ஐக்கியமும் போச்சு, தோழமையும் போச்சு, ஆய்வு மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. மொழிபெயர்ப்புப் பிழை என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் திட்டத்தின் இயல்பைப் பெயர் ஒளிக்காமல் சொல்லிவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். பட்டம் பெற்ற இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அரசுத் துறைகளோடு இணைப்பதும், திட்டங்களைக் கண்காணித்து மேலே அறிக்கை தர வைப்பதும் நிர்வாகப் பயிற்சி. அதற்குமேல் அது உரிமை கோரவுமில்லை.

பெங்களூரில் இந்திய மனிதக் குடியிருப்பு நிறுவனம் 2016இல் தொடங்கிய நகர ஃபெல்லோஸ் திட்டம் இன்னும் தீவிரமானது. கட்டடக் கலை படித்தவரும் சட்டம் படித்தவரும் பொருளாதாரம் படித்தவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து நகரத்தைப் பற்றி விவாதிக்கிறார்கள். மறுப்பதற்கில்லை, தேவையான வேலைதான். ஆனால் அங்கே கூடுபவர்கள் கூடுவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் யாருமில்லை. தேர்வுக்குழு தேர்ந்தெடுத்தது, அதனால் சகாக்கள் ஆனார்கள். கூட்டு என்பது இங்கே தேர்வின் விளைவு. தனித்தனி ஆளாக விண்ணப்பித்து, தனித்தனி ஆளாக 'என் தலைமைப் பண்பு' பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி, மற்றவர்களைத் தோற்கடித்து உள்ளே வந்த பிறகுதான் 'வாங்க, சேர்ந்து கற்போம்' என்று சொல்லப்படுகிறது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு வருகிறது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற இடம். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கால்பங்கு. உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால்பங்கு. மீதிப் பாதி, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. உடன் பயில்பவர்களுக்குப் பவணந்தி பயன்படுத்தும் சொல் 'அவ்வினையாளர்', அதாவது அந்த வினையையே செய்பவர். அவர் நினைத்தது கல்வி என்னும் வினையைத்தான், ஆலை வேலையை அல்ல. இருந்தாலும் அந்தச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். வினை முதலில் இருக்கிறது, ஆள் அதற்குள் இருக்கிறான், கற்றல் அங்கிருந்து கிளம்புகிறது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இப்படி இழுத்துப் பார்க்க வடசென்னையே இடம் தருகிறது. தண்டையார்பேட்டைக்கு மேற்கே, வியாசர்பாடியைத் தாண்டினால் பெரம்பூர். பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகள் இருந்த இடம். அங்கே ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. பக்திச் சொற்பொழிவு கேட்கக் கூடிய இடம். ஆலைப் பக்கத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். சொற்பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர்கள், சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதையும் வெள்ளைக்கார மேற்பார்வையாளன் கைநீட்டுகிறான் என்பதையும் அங்கேதான் பேசினார்கள். பேச்சு வளர்ந்து, திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் வந்துசேர்ந்து, 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் எழுதுகிறார்கள். வாடியாவின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. அவர் வருவதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் நடந்த பேச்சுக்குப் பாடத்திட்டம் இல்லை, ஒருங்கிணைப்பாளர் இல்லை. கிராம்ஷி சொல்லும் உறுப்பார்ந்த அறிவுஜீவியை நம்மூரில் தேடுபவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கலாம்.

இதைப் பொற்காலமாக்கினால் நாமும் ஒரு தலபுராணம்தான் எழுதியவர்களாவோம். அந்த வைணவக் கூடத்துக்குள் யார் இயல்பாக நுழைய முடிந்தது? யாருக்கு அது தன் இடமாகத் தோன்றியிருக்கும்? மூன்றே ஆண்டில் பதில் வந்தது. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே தறியில் வேலை செய்தவர்கள் ஒரே சேரியிலோ ஒரே தெருவிலோ வாழவில்லை. வினை ஒன்றாக இருப்பதே அவ்வினையாளராக ஆவதற்குப் போதாது. சாதி, பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிற்கிற விஷயமல்ல. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஃபெல்லோஷிப்காரர்கள் இந்த இடத்தில் 'எங்களிடம் பன்முகத்தன்மை இருக்கிறது' என்று சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அந்தப் பன்முகத்தன்மை வகுப்பறைக்குள் காட்சியாக இருக்கிறது. 1921இல் அது சோற்றுப் பிரச்சினையாக இருந்தது. மோத வேண்டிய தேவை இல்லாதவர்கள் கூடுவது சுலபம்.

இன்றைய தண்டையார்பேட்டைக்கு வருவோம். 2013இல் இங்கே சில தெருக்களில் நிலத்தடி நீரில் எண்ணெய் வாடை அடித்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியக் குழாயில் கசிவு என்று தெரியவந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்தத் தண்ணீரை முதலில் 'சோதித்தவர்கள்' அதை இறைத்த பெண்கள். மூக்கால் சோதித்தார்கள். எண்ணூரில் கதை இன்னும் நீளம். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிவெளி, 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் இல்லை. தண்ணீர் அங்கே இருக்கிறது, காகிதத்தில் இல்லை! தினமும் வலை போடுகிறவனுக்கு இது சிரிப்பு, வழக்கு போடுகிறவனுக்கு இது ஆதாரம். இரண்டு பேரும் ஒரே வரைபடத்தின் மேல் குனிந்த இடத்தில்தான் எண்ணூர் இயக்கம் பலம் பெற்றது. சூழலியலாளரும் மீனவரும் அங்கே அவ்வினையாளர் ஆனார்கள் என்று துணிந்து சொல்லலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது, வாளியும் கையுமாக அதை அள்ளியவர்கள் மீனவர்கள். அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்தபோது நள்ளிரவில் பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இத்தனைக்கும் பிறகு களப்பயணமாக ஒரு வண்டி வந்து நிற்கிறது. நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவுக் கருவி, நல்ல மனசு எல்லாம் இருக்கிறது. 'எத்தினி வாட்டிம்மா இதையே கேப்பீங்க?' என்கிற குரல் வாசலில் கேட்கிறது. அலுப்பு என்று அது குறிப்பேட்டில் பதிவாகிறது. அது ஒரு விமர்சனம் என்று பதிவாவதில்லை. அனுபவம் இவர்களுடையது, 'நேர்வு ஆய்வு' அவர்களுடையது. ஃப்ரேய்ரே வங்கி முறைக் கல்வியைச் சாடினார். அதில் ஆசிரியர் போடுகிறார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிரானது. ஏழையிடமிருந்து எடுத்து வேறிடத்தில் சேமிக்கப்படுகிறது, வட்டியும் அங்கேயே ஏறுகிறது.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டென்னசியில் மைல்ஸ் ஹார்ட்டனும் நண்பர்களும் 1932இல் தொடங்கிய ஹைலாண்டர் பள்ளியில் தொழிலாளர்களும் கறுப்பின மக்களும் தங்கள் பிரச்சினையோடு வந்து, பேசி, திரும்பித் தங்கள் ஊருக்கே போனார்கள். ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கே போய்வந்தவர், அந்த டிசம்பரில்தான் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார். வாக்குரிமைக்காக எழுத்தறிவு தரும் முதல் பள்ளி 1957இல் ஜான்ஸ் தீவில் தொடங்கியபோது ஆசிரியராகப் போனவர் ஒரு முடியலங்காரப் பெண். ஆசிரியப் பயிற்சி இல்லாதவர் என்பதே அவருக்குத் தகுதியாயிற்று. பவணந்தியின் மீதிப் பாதி அங்கே கற்றவர்கள் கையில் இருந்தது. மாகாண அரசு 1961இல் பள்ளியின் உரிமத்தைப் பறித்தது. நமது ஃபெல்லோஷிப் எதையும் எந்த அரசும் இந்தக் காரணத்துக்காக மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

2023இல் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே தொகை பல மடங்கானது. இதில் எது சாலைக்கு, எது குடியிருப்புக்கு, யாரை எங்கே பெயர்ப்பார்கள் என்பதை இங்குள்ளவர்கள் கூடி வாசிக்க வேண்டியிருக்கிறது. குழாய்த் தெருவுக்காரர், எண்ணூர் மீனவர், கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டவர் என எல்லாரும் ஓர் அறையில் உட்கார வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு பஸ்ஸில் வந்துபோனால் அரைநாள் போச்சு. கடலுக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை. வீட்டு வேலைக்குப் போகாத பெண்ணுக்கு வேலையே இல்லை. ஒரு ஃபெல்லோவுக்கு மாதாமாதம் தரும் தொகையை நாள்கூலியாகப் பிரித்தால் எத்தனை பேர் எத்தனை நாள் வந்து உட்காரலாம் என்பதை, அடுத்த விண்ணப்பப் படிவம் அச்சாவதற்கு முன் யாராவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.