கன்றுக்குப் புண்ணாக்கு: எப்போது, எவ்வளவு?

கறந்த பாலெல்லாம் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. கன்றுக்குக் கடைசியாகக் காம்பில் கொஞ்சம் விட்டுவிட்டு, பிறகு புண்ணாக்குத் தண்ணி காட்டுகிறார்கள். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருப்பது உண்மைதான். பாலைவிட மலிவு என்பதும் உண்மை. ஆனால் கன்றின் வயதைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

பிறந்த கன்று இன்னும் அசைபோடும் பிராணியாகவில்லை. முதல் சில வாரங்களில் பெருவயிறு வளராத நிலையில், செரிமானத்தின் பாரம் முழுவதும் நான்காம் வயிற்றின் மேல்தான். பால் அங்கே உறைந்து மெல்லச் செரிக்கும். சோயா, கடலைப் புரதங்கள் அப்படி உறைவதில்லை. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. பாலைக் குறைத்துவிட்டு இவற்றைக் கொடுத்தால் கழிச்சலும் மெலிவும்தான் மிஞ்சும். முதல் மாதம் தினமும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் கன்றின் உரிமை.

அதற்காகப் புண்ணாக்கை ஒதுக்கிவிடவும் வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்து ஒரு கைப்பிடி உலர்வாக வைத்தால் கன்று நக்கிப் பழகும். அது பெருவயிற்றில் நொதித்து உண்டாகும் அமிலங்கள்தாம் அதன் உட்சுவரை வளர்க்கின்றன. என்னைக் கேட்டால், புரதத்தைவிட இதுவே பெரிய லாபம். பாலோடு கரைத்து ஊற்றினால் தீவனம் பெருவயிற்றைத் தாண்டிப் போய்விடும். அந்த லாபம் கிடைக்காது.

பருத்திக்கொட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காசிப்பால் என்ற நச்சைப் பெரிய மாட்டின் பெருவயிறு ஓரளவு கட்டுப்படுத்திவிடும். இளங்கன்றுக்கோ இதயமே பழுதாகலாம். கடலைப் புண்ணாக்கிலும் பூசணம் பிடித்ததைத் தொடக்கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்குக் காரணம், கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின்தான்.

புண்ணாக்குக்கு மாற்றாகச் சொல்லப்படும் அசோலா என்ற நீர்ப்பெரணியைப் பற்றிய ஆரவாரமும் எனக்கு உறுத்துகிறது. கால்பங்கு புரதம் என்கிறார்கள். அது உலர்ந்த எடையில். குழியிலிருந்து அள்ளும் ஒரு கிலோவில் தண்ணீர் போக மிஞ்சுவது சுமார் 60 கிராம். அதில் புரதம் 15 கிராம். அரை லிட்டர் பாலிலேயே அவ்வளவு இருக்கிறது. புண்ணாக்கென்றால் 40 கிராம் போதும். இதற்காகக் குழி வெட்டி, நிழல் கட்டி, சாணம் கரைத்து, சாண வாடை போக அலசிப் போட வேண்டும். அந்த உழைப்பில் வரப்போரம் அகத்தியும் ஒரு பாத்தி வேலிமசாலும் வளர்த்தால், மூன்று மாதம் தாண்டிய கன்றுக்குத் தினமும் பசுந்தழை கிடைக்கும்.