பரங்கி ஊரும் பகான் கல்லும்

பர்மாவின் சகாயிங் பிராந்தியத்தில் சான் தா என்று ஒரு கிராமம். 2023 ஜனவரி நடுவில் ராணுவம் அங்கே புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. 1894-ல் கட்டிய விண்ணேற்பு அன்னை ஆலயமும் எரிந்தது. கூரை இழந்து கரி படிந்து நின்ற சுவர்களின் படம் கைப்பேசி வழியே உலகமெங்கும் போனது. படம் போன இடமெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே போனது: திரும்பிய பக்கமெல்லாம் புத்த விகாரைகள் நிற்கும் அந்த வறண்ட சமவெளியில் கத்தோலிக்கக் கோவில் எப்படி வந்தது?

பதில் சொல்லப் புகுந்தவர்கள் 1613-க்குப் போக வேண்டியிருந்தது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிரியம் துறைமுகத்தைப் பிடித்து வைத்திருந்த போர்த்துகீசியன் பிலிப் டி பிரிட்டோவை அந்த ஆண்டு பர்மிய மன்னர் தோற்கடித்துக் கழுவேற்றினார். அவனுடைய ஆட்களை வடக்கே கொண்டுபோய் மூ ஆற்றுப் பக்கத்துக் கிராமங்களில் குடியமர்த்தினார். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அரசர்களின் பீரங்கிப் படையில் வேலை பார்த்தார்கள். அங்கேயே பெண் எடுத்தார்கள், பர்மிய மொழி பேசினார்கள், மாதாவை மட்டும் விடவில்லை. ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'பயிஞ்சி'. நம்முடைய 'பரங்கி'யேதான் அது. பரங்கிமலைக்கு வந்து சேர்ந்த அதே சொல் மூ ஆற்றங்கரைக்கும் போயிருக்கிறது. பர்மிய அரசர்களுக்காகப் பீரங்கி இயக்கிய குடும்பங்களின் வழிவந்தவர்களுடைய ஊரைத்தான், அந்த அரசர்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் படை கொளுத்தியது.

2021 பிப்ரவரி 1 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பர்மாவில் வரலாறும் பண்பாடும் இணையத்தில் பேசப்படும் விதத்தைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். போர் நடக்கும்போது பழங்கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பர்மாவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே பொருந்தாது. அங்கே பழங்கதைதான் சட்டம். 1982 குடியுரிமைச் சட்டப்படி, 1823-க்கு முன்பே அந்த மண்ணில் குடியிருந்த இனம் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்களே பிறப்பால் முழுக் குடிமக்கள். அரசின் பட்டியலில் 135 இனங்கள். பட்டியலுக்கு வெளியே நின்ற ரோஹிங்யாக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர் பலரும் இரண்டாந்தர அட்டையோடு வாழ்கிறார்கள். யார் எப்போது வந்தார்கள் என்பதை வைத்து ஒருவருடைய கைக்கு எந்த நிற அட்டை வரும் என்று முடிவாகிற நாட்டில், வரலாறு சொல்வது பொழுதுபோக்காக இருக்க முடியாது.

ராணுவம் இதை எல்லோருக்கும் முன்பே புரிந்துகொண்டது. தலைநகர் நேபிடாவின் அணிவகுப்புத் திடலில் மூன்று ராட்சத மன்னர் சிலைகள் நிற்கின்றன: அனோரதா, பயின்னாங், அலௌங்பயா. மூவரும் படை நடத்தி நாட்டை ஒன்றாக்கியவர்கள். நான்காவது ஒன்றாக்கம் தங்களுடையது என்பதே தளபதிகள் சொல்லாமல் சொல்வது. ஆண்டுதோறும் மார்ச் 27 ராணுவ நாளில் அந்தச் சிலைகளின் காலடியில்தான் படை நடக்கும். 2021-ல் அதே நாளில் நாடெங்கும் 100-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்த மூன்று சிலைகளுக்கு மாற்றாக என்னை இழுப்பது பழைய தலைநகரான பகானில் இருக்கும் ஒரு கல். மியசேதி கல்வெட்டு. சுமார் 1113-ஆம் ஆண்டைச் சேர்ந்த நாற்சதுரத் தூண். சான்சித்தா மன்னர் சாகக் கிடக்கும்போது, அரியணை கிடைக்காத அவருடைய மகன் ராஜகுமாரன் தன் தாயின் நகைகளை உருக்கிப் பொன்னால் ஒரு புத்தர் சிலை செய்து தந்தையிடம் காட்டுகிறான். அந்தக் கொடையைச் சொல்லும் கல்லில் பக்கத்துக்கு ஒரு மொழி: பியூ, மோன், பர்மியம், பாலி. பியூ மொழி பிறகு பேச ஆளில்லாமல் போனது. 1911-ல் பிளாக்டன் என்ற அறிஞர் மற்ற மூன்று முகங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் அந்த நான்காவது முகத்தைப் படித்தார். பகானிலேயே மியின்கபா பக்கத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. மலைமண்டலத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற வணிகர், நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோவிலுக்கு மண்டபம் எடுத்துக் கதவும் விளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. பகான் என்றைக்கும் ஒரே இனத்தின் ஊராக இருந்ததில்லை. இதை எல்லோரும் படிக்கும்படி எளிய மொழியில் எழுதுவதே இன்றைய பர்மாவில் அரசியல் செயல் என்று நினைக்கிறேன்.

இந்த வேலைக்கு அங்கே ஒரு முன்னோர் உண்டு. மாண்டலேயில் 'லூடு' பத்திரிகை நடத்திய ஊ ஹ்லா. லூடு என்றால் மக்கள். 1948-ல் அரசுப் படையினர் அவருடைய அச்சகத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1953-லிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். உள்ளே சும்மா இருக்கவில்லை. திருடர்கள், சண்டைக்காரர்கள், பெற்றவர்கள் கைவிட்ட பையன்கள் என்று கூட இருந்த கைதிகளை உட்காரவைத்து அவரவர் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லி எழுதினார். வெளியே வந்ததும் மலைகளுக்குப் போனார். காச்சின், கரேன், சின், ஷான் என்று இனம் இனமாக நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டு எழுதி 40-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக வெளியிட்டார். அந்த மக்களோடு அரசு போரில் இருந்த காலம் அது. எதிரி என்று சொல்லப்பட்டவர்களின் பாட்டிமார் பேரப்பிள்ளைக்கு என்ன கதை சொல்கிறார்கள் என்பதை மாண்டலே வாசகர் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்தது. அதைவிடப் பெரிய சமாதான முயற்சி அந்தக் காலத்தில் வேறு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊ ஹ்லாவுக்கு அச்சு இருந்தது. இன்றைய இளைஞர்களுக்குக் கைப்பேசி. அது வந்த வேகம்தான் சிக்கல். முந்தைய ராணுவ ஆட்சியில் ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2014-ல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் 1,500 சாட், ஏறக்குறைய ஒன்றரை டாலர். 2012 ஆகஸ்டு வரை அச்சேறும் முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் தணிக்கைக்குக் கொடுத்துப் பழகிய சமூகம், இரண்டே ஆண்டில் எந்த வரம்பும் இல்லாத பேஸ்புக்கில் வந்து இறங்கியது. பேஸ்புக்தான் இணையம் என்றே பெரும்பாலோர் எண்ணினார்கள். அங்கே முதலில் செழித்தது வெறுப்பு. அதுவும் வரலாற்று வேடம் போட்டு வந்த வெறுப்பு. பழைய வரைபடங்கள், தப்பான விளக்கம் ஒட்டிய படங்கள், 'வந்தேறி' என்ற தீர்ப்பு. 'கலா' என்ற வசைச் சொல் முஸ்லிமுக்கும் பொருந்தும், தமிழனுக்கும் பொருந்தும். 2017-ல் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைப் போதிய அளவு தடுக்கத் தவறிவிட்டோம் என்று பேஸ்புக் நிறுவனமே 2018-ல் ஒப்புக்கொண்டது. இணையத்தில் பர்மிய வரலாறு சொல்கிற எவரும் இந்தப் பின்னணியை மறந்துவிட்டு எழுத முடியாது.

எழுத்துருவிலும் இதே கதை நடந்தது. அதிகம் பேர் கவனிக்காத விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பர்மியர்கள் ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்தது ஜோஜி என்ற எழுத்துருவில். யூனிகோடு முறை மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களை ஜோஜி பர்மிய எழுத்தின் வேறுவேறு வடிவங்களுக்கு எடுத்துக்கொண்டது. ஜோஜி இருக்கும் கைப்பேசியில் ஷான் மொழியில் ஒருவர் எழுதினால் திரையில் வருவது குழறல். வேண்டுமென்று செய்ததல்ல, இருந்தாலும் பெரும்பான்மையின் வசதிக்காகச் சிறுபான்மையின் எழுத்து காணாமல் போனது. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. டிஸ்கி, பாமினி என்று அல்லாடிய நமக்கு அந்த மாற்றத்தின் வலி புரியும். பழைய பதிவுகளில் ஒரு பகுதி இன்றும் மாற்றாமல் படிக்க முடியாமல் கிடக்கிறது. 2018-ல் ரோஹிங்யா மொழிக்கான ஹனிஃபி எழுத்து யூனிகோடில் ஏறியதும் இந்தக் கதையின் பகுதிதான். நாடு இல்லை என்று சொல்லப்பட்டவர்களின் எழுத்துக்குக் கணினியில் இடம் கிடைத்தது.

பிறகு ஆட்சிக் கவிழ்ப்பு. மூன்றாம் நாளே, பிப்ரவரி 4 அன்று, பேஸ்புக்கை முடக்கினார்கள். அதே மாத நடுவிலிருந்து இரவுதோறும் இணையம் அறுந்தது. மார்ச் 15-ல் கைப்பேசி இணையமும் போனது. தண்டனைச் சட்டத்தில் 505அ என்ற பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு பதிவுக்கு மூன்று ஆண்டு சிறை என்ற நிலை. விருப்பக்குறி இட்டதற்கே ஆட்கள் பிடிபட்டார்கள். இத்தனைக்கும் நடுவே பண்பாடு தெருவுக்கு வந்தது. இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு பாத்திரம் தட்டினார்கள். கெட்ட ஆவியை விரட்டும் பழைய வழக்கம் அது. பெண்கள் டமெயின் என்ற தங்கள் இடுப்புத் துணிகளைத் தெருக்களின் குறுக்கே கொடியில் தொங்கவிட்டார்கள். அதன் கீழே போனால் ஆணின் 'போன்' என்ற மேன்மை குறையும் என்பது நம்பிக்கை; சிப்பாய்கள் அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். வெளிநாட்டார் பார்த்து வியந்த அந்தப் படங்களுக்கு 'போன்' என்றால் என்ன என்று விளக்கக் குறிப்பு எழுத யாராவது வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பை எழுதும்போதே, இந்த நம்பிக்கை பெண்ணைத் தாழ்த்துவதல்லவா என்று பர்மியப் பெண்கள் தங்களுக்குள் விவாதித்தார்கள். பண்பாட்டை வெளியாருக்கு விளக்கப் போய்த் தமக்கே விளக்கிக்கொள்ள நேர்ந்ததைத்தான் இந்த ஐந்தாண்டுகளின் பெரிய பேறாகக் கருதுகிறேன்.

அதைவிட முக்கியம், அதே வாரங்களில் பெரும்பான்மை பமார் இளைஞர்கள் ரோஹிங்யாக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கியது. துப்பாக்கி தங்கள் பக்கம் திரும்பியபோது 2017-ல் கேட்ட செய்தி பொய் என்று புரிந்தது. 2021 ஜூன் 13 அன்று ஏராளமானோர் கறுப்பு உடுத்திப் படம் போட்டு ரோஹிங்யாக்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். இந்த மாற்றம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். 2024-ல் ராக்கைன் மாநிலத்தில் அரக்கான் படை என்ற ஆயுதக் குழுவுக்கும் ராணுவத்துக்கும் நடுவே ரோஹிங்யாக்கள் மறுபடி சிக்கியபோது பழைய வசைகளும் திரும்பி வந்தன.

ராணுவத்துக்கு எதிராகப் பேசியவர்கள் கொடுத்த விலை பெரிது. கவிஞர் கே ஸா வின் 2021 மார்ச்சில் மொன்யுவா தெருவில் சுடப்பட்டார். கேக்கும் ஐஸ்கிரீமும் செய்து விற்றுப் பிழைத்த கவிஞர் கெட் தீயை மே மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் உடலைத்தான் குடும்பம் வாங்கியது. ஹிப்ஹாப் பாட்டைப் பர்மாவில் வேரூன்றச் செய்த பியோ ஸெயா தாவ் 2022 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். எனவே இன்று எழுதுகிறவர்களில் பலருக்குப் பெயர் கிடையாது. 2022-ல் பெர்லின் திரைப்பட விழாவில் ஆவணப்பட விருது பெற்ற 'மியான்மர் டைரீஸ்' படத்தில் இயக்குநர்களின் பெயரே இல்லை. கவிதையையாவது பெயரில்லாமல் ரசிக்கலாம். வரலாற்றை எழுதியவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்று வாசகர் கேட்பார். சொன்னால் ஆள் மாட்டுவார், சொல்லாவிட்டால் நம்பகம் குறையும். நல்ல பக்கங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: தங்கள் பெயரை மறைத்து, சான்றை முழுமையாகக் காட்டுவது.

சான்று பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பது இன்னொரு சங்கடம். 1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலே அரண்மனைக்குள் நுழைந்தபோது அரச நூலகம் சிதறியது. தீபா மன்னரை முதலில் சென்னைக்கும் பிறகு ரத்னகிரிக்கும் கொண்டுபோனார்கள். சுவடிகள் லண்டனுக்கும் போயின. வண்ணம் தீட்டிய பர்மிய மடிப்பேடுகளை பிரிட்டிஷ் நூலகம் படமெடுத்து இணையத்தில் வைத்தது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் அவை மாதக்கணக்கில் யாருக்கும் கிடைக்காமல் போயின. லண்டனில் இருந்தால் பத்திரம் என்ற நினைப்பு அன்றோடு போனது. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம், ஆன்லைன் பர்மா லைப்ரரி, நடைபாதைக் கடைகளில் பழைய ஸ்டூடியோப் படங்களைப் பொறுக்கிச் சேர்த்த மியான்மர் போட்டோ ஆர்க்கைவ் என்று பல இடத்தில் பல படி இருப்பதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பு. 2024 மே இறுதியில் விபிஎன்-களையும் முடக்கிய பிறகு உள்ளே இருப்பவர்களுக்கு இவை எட்டுவது கடினம். எட்டியவர் இறக்கிவைத்து, ஸாப்யா போன்ற செயலியில் இணையமே இல்லாமல் கைப்பேசிக்குக் கைப்பேசி கொடுக்கலாம். ஓலையைப் படியெடுத்த காலத்திலும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் சுவடி போனது.

2025 மார்ச் 28-ல் 7.7 அளவு நிலநடுக்கம் சகாயிங்கையும் மாண்டலேயையும் உலுக்கியது. 3,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாட்டில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்களிலும் ராணுவத்தின் விமானத் தாக்குதல் நிற்கவில்லை. இன்வாவில் ராணி மே நூ செங்கல்லில் கட்டிய மடம் பெரும் சேதமடைந்தது. 1830-களின் கடைசியில் ஒரு நிலநடுக்கத்தில் ஏற்கெனவே அது இடிந்திருக்கிறது. அம்மா கட்டியதை 1873-ல் மகள் சின்பியூமாஷின் பழுது பார்த்தாள். இந்த முறை இடிந்த சில நாட்களில் பழைய சுற்றுலாப் படங்கள் வெளிவரத் தொடங்கின. பள்ளிச் சுற்றுலா, தேனிலவு, அக்கா தம்பி தோளில் கைபோட்டு நிற்பது. எல்லாம் ஆட்களுக்காக எடுத்த படங்கள். சிரிக்கும் முகங்களுக்குப் பின்னால், பாதி மறைந்து, வளைவும் அதன் மேல் சுதை வேலைப்பாடும் தெரிகின்றன.