டர்போவின் அசையும் தகடுகள்: ஒரு குணதோஷ விசாரணை

எஞ்சின் வெளித்தள்ளும் புகையில் வீணாகும் சக்தியைக் கொண்டே காற்றை அமுக்கி அதற்கு ஊட்டலாம் என்று ஸ்விட்ஸர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-ல் காட்டிய வழியில் பிறந்த டர்போவை ஒரு சங்கடம் நெடுங்காலம் விடவில்லை. சிறிதாகச் செய்தால் அதிக வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும், பெரிதாகச் செய்தால் மிதித்தவுடன் பிக்கப் வராது. டர்பைன் சக்கரத்தைச் சுற்றி வளையமாக நிற்கும் சிறு தகடுகள், எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஒன்றையொன்று நெருங்கி வழியைக் குறுக்க, ஊதுகுழலின் நுனியில் போலக் கொஞ்சப் புகையும் வேகங்கொண்டு மோதுவதும், வேகம் கூடியபின் அவை விரிந்து வழிவிடுவதும் இச்சங்கடத்துக்கு அற்புதமான பரிகாரம். 1990-களில் 110 குதிரைத் திறன் கொண்ட ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ போன்ற எஞ்சின்கள், டீசல் கார் மந்தமானது என்ற அபவாதத்தைப் போக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இதன் தோஷம் இதன் குணத்திலேயே வேர்விட்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தகடுகள் மூடும்போது அவற்றுக்கும் எஞ்சினுக்கும் இடையே புகையின் அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தமே புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் தள்ளி, நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க உதவுகிறது. அப்படித் திரும்பிய புகையோ எரிதலில் கரியை மிகுவிக்க, அந்தக் கரி தகடுகளின் மேலேயே வந்து படிகிறது. கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு தகட்டின் சிறு அச்சும் அதன் துளையும், எல்லாவற்றையும் ஒருங்கே திருப்பும் வளையமும் கருமை அப்பி இறுகியிருப்பது தெரியும். மூடிய நிலையில் சிக்கினால் அழுத்தம் வரம்பு மீறி, வண்டியின் கணினி சக்தியைக் குறைத்துவிடும்; திறந்த நிலையில் சிக்கினால் வண்டி இழுக்காது. நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் ஓடும் காரைவிட, நகரத்துக்குள் சிறு தூரமே ஊரும் காரில் இது விரைவில் நேரும்.

பெட்ரோல் எஞ்சினில் கரி குறைவு, உஷ்ணமே சத்துரு. 2006-ல் போர்ஷே தன் 911 டர்போவில் ஏறக்குறைய 1000 டிகிரியைத் தாங்கும் உயர்ந்த உலோகக் கலவைகளால் அதை வென்றது. பின்னர் ஃபோக்ஸ்வாகனோ தன் 1.5 லிட்டர் எஞ்சினில், காற்று நுழையும் வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் சுழற்சியைக் கையாண்டு, புகையின் உஷ்ணத்தையே 880 டிகிரிக்குள் அடக்கியது. சாமானியர் வாங்கும் காருக்கு இரண்டாவது மார்க்கமே உத்தமம். டீசல் பக்கமோ, லாரி எஞ்சின்களுக்காக ஹோல்செட் நிறுவனம் செய்த டர்போவில், பல தகடுகள் தனித்தனியே திரும்புவதற்குப் பதிலாக ஒரே வளையம் முன்னும் பின்னும் நகர்ந்து வழியைக் குறுக்குகிறது. அசையும் மூட்டுகள் குறைந்தமையே அதன் பலம்.

பழுது பார்ப்பதில்தான் எனக்குப் பெருங்குறை. டர்பைன் சக்கரத்தின் அச்சும் பேரிங்கும் நன்றாயிருந்து கரி மட்டுமே பிடித்த டர்போவையும் முழுதாக மாற்றச் சொல்வது அநியாயச் செலவு. சுத்தம் செய்து பூட்டினாலோ, தகடுகள் எவ்வளவு மூடலாம் என்பதை நிர்ணயிக்கும் சிறு திருகாணி அரைச்சுற்று பிசகினாலும் வேலை வீணாகும். தகட்டு வளையத்தைத் தனி உதிரிப்பாகமாக விற்று, அத்திருகாணிக்குரிய அளவையும் மெக்கானிக்குகள் அறியத் தருவது தயாரிப்பாளர்களின் கடமை.