தாழ்தளத்தில் தேங்கும் நீர்

தமிழகத்து அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்குச் செய்யப்படும் நீர்த்தடுப்பின் நிறைகுறைகள் பெரும்பாலும் அதன் தாழ்தளத்தைப் பொறுத்தே அமைகின்றன. 'சன்கன் ஸ்லாப்' என்று கட்டடத் தொழிலில் வழங்கும் இத்தளம், கழிவுநீர்க் குழாய்களைத் தரைக்குள்ளேயே மறைப்பதற்காகப் பிற அறைகளின் தளத்தைவிட ஏறத்தாழ 200 முதல் 450 மில்லிமீட்டர் வரை தாழ்த்தி வார்க்கப்படுவது. அதன் அடியிலும் பக்கங்களிலும் நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, குழாய்களைப் பதித்து, பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்பி, அதன்மேல் சிமெண்ட் கலவையிட்டு டைல்ஸ் ஒட்டுவதே பரவலான வழக்கம்.

இவ்வழக்கத்தின் பயன் சிறிதன்று. கீழ்வீட்டுக் கூரையில் குழாய்கள் தொங்குவதில்லை; பழுது நேர்ந்தால் அவரவர் வீட்டுக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம்; குழாய் இணைப்பு கசிந்தாலும் அடிப்பூச்சு அந்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. ஆயினும், தடுத்த நீர் எங்கே போகும் என்ற வினாவுக்கு இம்முறையில் விடையில்லை. டைல்ஸ் இடைவெளிகளை அடைக்கும் சாதாரண சிமெண்ட் கிரவுட் நீர்புகாப் பொருளன்று; அதன் வழியே நாள்தோறும் இறங்கும் நீரை ஜல்லி பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ள, பூச்சு எவ்வளவு நேர்த்தியாக அமைகிறதோ அவ்வளவுக்குப் பள்ளம் ஒரு மூடிய தொட்டியாகிவிடுகிறது. பின்னர் சுவரோரத்தில் ஓதம் ஏறுவதும், வண்ணப்பூச்சின்மேல் உப்புப் பூப்பதும், கான்கிரீட்டின் உள்ளே கம்பி துருப்பிடிப்பதும் இத்தேக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. பள்ளத்தின் அடிமட்டத்திலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு சிறு வடிகுழாய் வைத்தால் தேக்கம் குறைவதோடு கசிவும் வெளியே தெரிந்துவிடும். செலவு மிகக் குறைந்த இந்த ஏற்பாடுதான் வியப்புக்குரிய வகையில் அடிக்கடி விடுபடுகிறது.

ஆகவே, டைல்ஸுக்கு நேர் கீழே, வடிகாலை நோக்கி வாட்டம் கொடுத்த கலவையின்மேல் இரண்டாவது தடுப்பு ஒன்று வேண்டும். சிமெண்ட் தூளையும் பாலிமர் திரவத்தையும் கலந்து, ஒரு பூச்சு உலர்ந்தபின் அதற்குக் குறுக்காக மறு பூச்சு தரும் முறை இதற்குப் பொருந்தும். தரையும் சுவரும் கூடும் மூலையை முதலில் கலவையால் வளைவாக்கி, கண்ணாடி இழை வலையைப் பதித்துப் பூசாவிட்டால், அசைவு மிகுந்த அவ்விடமே முதலில் விரிசல் விடும். வழவழப்பான பிவிசி குழாயில் சிமெண்ட் சார்ந்த பூச்சு எளிதில் பற்றாது என்பதால், குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்துக்குத் தனி அடைப்பு தேவை. இவ்வளவும் முடிந்தபின் பிளம்பர் வந்து தரையைத் துளையிட்டால் எல்லாம் வீணே. பொருளின் தரத்தைவிட வேலையின் வரிசையே இங்கு முக்கியமாகிறது.

இருபத்துநான்கு மணி நேரமோ அதற்கு மேலோ நீரைத் தேக்கி நடத்தும் சோதனை நம்பத்தக்கதுதான். எனினும் அது தரைக்கு மட்டுமே சான்று. ஷவர் நீர் படும் சுவரையும், குழாய்த் திருகு பொருந்தும் துளைகளையும் அது தொடுவதில்லை.

பழைய டைல்ஸை உடைக்காமல் இடைவெளிகளில் எபாக்ஸி நிரப்பும் மலிவான மாற்று, கீழ்வீட்டுக் கூரை உலர்ந்திருக்கையில் கிரவுட் மட்டும் பழுதாகியிருந்தால் போதுமானது. கூரையில் ஏற்கெனவே ஓதம் படர்ந்திருந்தாலோ, ஜல்லிக்குள் தேங்கிய நீருக்கு மேல்வழியும் அடைபடுவதால், அது மாதக்கணக்கில் கீழ்நோக்கியே கசிந்துகொண்டிருக்கும். அந்நிலையில் நிரப்பை முழுதும் தோண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.