பாட்டன் பெயர்ப் பலகை

ஆங்கிலத்தில் குதிரைப் பந்தயத்தைப் பின்னணியாகக் கொண்டு மர்ம நாவல் எழுதியவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் டிக் பிரான்சிஸ். 1920இல் வேல்ஸில் பிறந்தவர். எழுத வருமுன் ஜொக்கியாக இருந்தார். 1953-54 பருவத்தில் பிரித்தானியத் தடைதாண்டும் பந்தயங்களில் முதலிடம் பெற்ற ஜொக்கி அவர்தான். 1956 கிராண்ட் நஷனல் பந்தயத்தில், அரசியின் தாயாருக்குச் சொந்தமான டெவன் லொக் என்ற குதிரை, வெற்றிக் கம்பம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கால் பரப்பி விழுந்தது. அதன் முதுகில் இருந்தவரும் இவரே. தோல்வி எப்படியிருக்கும் என்று இன்னொருவரிடம் கேட்டறியும் தேவை இவருக்கு இருக்கவில்லை.

முதுமையில் அவர் தம் மகன் பீலிக்ஸைச் சேர்த்துக்கொண்டு எழுதினார். பீலிக்ஸ் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர். (நமது தொழிலை விட்டுப் போனவர்களில் நட்டப்படாத ஒருவர்!) 2007 முதல் 2010 வரை தகப்பன் பெயரும் மகன் பெயரும் ஒன்றாக நின்ற நாவல்கள் நான்கு. அவற்றுள் மூன்றாவது, 2009இல் வெளிவந்த 'ஈவன் மணி'. போட்ட பணத்துக்குச் சமமான பணம் கிடைக்கும் பந்தய வீதத்துக்கே அந்தப் பெயர். தகப்பன்-மகன் கணக்கு சரிசமமாகத் தீருமா என்ற கேள்வியும் அந்தத் தலைப்புக்குள் இருக்கிறது.

கதாநாயகன் நெட் டல்பொட் ஒரு புக்கிக்காரன். பந்தயத் திடலில் நின்று, எந்தக் குதிரை வென்றாலும் தன் கை கடிக்காதபடி வீதங்களைக் கூட்டியும் குறைத்தும் பணம் பிடிப்பவன். அவனது பலகையில் இருப்பது அவன் பெயரல்ல. தொழிலைத் தொடங்கிய பாட்டனின் பெயர். 'டெடி டல்பொட்டை நம்புங்கள்' என்பதே அந்த வியாபாரத்தின் பெயர். றோயல் அஸ்கொட்டின் முதல் நாள் ஓர் அந்நியர் வந்து, 'நான்தான் உன் தகப்பன்' என்கிறார். தன் ஒரு வயதிலேயே தாயும் தகப்பனும் கார் விபத்தில் இறந்துவிட்டதாகப் பாட்டனும் பாட்டியும் சொல்ல, அதை நம்பி வளர்ந்தவன் நெட். அவுஸ்திரேலியாவில் வேறு பெயரில் வாழ்ந்த தகப்பனோ அன்றே, மகனுடன் நடந்து வரும்போதே, வாகனத் தரிப்பிடத்தில் கத்திக்குத்துக்கு இரையாகிறார். பின்னர் பொலிசார் மூலம் இரண்டாவது அடி விழுகிறது. தாயும் விபத்தில் இறக்கவில்லை, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். கொன்றவர் தகப்பன்தான் என்பது பொலிசாரின் சந்தேகம். உண்மை என்ன என்பதை இங்கே சொன்னால் நாவலைத் தேடி எடுக்கப்போகிற வாசகர் என்னை மன்னிக்கமாட்டார்.

தகப்பன் கிடைத்த அன்றே தகப்பனை இழந்தவன் என்ன செய்வான்? நமது எழுத்தாளர் ஒருவரிடம் இக்கரு கிடைத்திருந்தால் இரண்டு அத்தியாயம் அழுதிருப்பார். நெட் அழுவதில்லை. தகப்பனின் தங்குமிடத்தைத் தேடுகிறான், பயணப் பையைக் கண்டெடுக்கிறான், அதில் ஒளித்திருந்த பணத்தை எண்ணுகிறான். அந்த எண்ணலே துக்கமாகிவிடுவதுதான் இந்நாவலின் பலம். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக இல்லாதிருந்த ஒருவரை அவன் அறிந்துகொள்ளக் கிடைத்த வழி அவரது பொருட்களைப் பரிசோதிப்பது மட்டுமே.

அல்குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில் இப்றாஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையுடன் பேசும் இடம் நமக்குத் தெரிந்ததே. அடுத்தடுத்த நான்கு வசனங்களில் நான்கு தடவை 'என் தந்தையே' என்று அழைக்கிறார்கள். தந்தையின் பதில் கல்லெறிவேன் என்ற மிரட்டல். அதற்கு மகன் கூறுவது ஸலாம். கடினமான தகப்பனிடம் மகன் எந்தக் குரலில் பேசவேண்டும் என்பதற்கு நமக்கு இதைவிட உயர்ந்த இடம் இல்லை. நெட்டுக்கு நான்கு தடவை அழைப்பதற்கே அவகாசம் இல்லை. ஆனாலும் செத்த மனிதரை அவன் ஓரிடத்திலும் இகழ்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதில்லை.

இதே ஆசிரியர் 1987இல் எழுதிய 'ஹொட் மணி' நாவலில் வருவது வேறு வகைத் தகப்பன். தங்க வியாபாரி மல்கம் பெம்புறோக் ஐந்து தடவை மணமுடித்தவர்; ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். ஐந்தாம் மனைவி கொல்லப்பட, தன்னையும் யாரோ கொல்ல முயல, மூன்று வருடம் பேசாதிருந்த இயன் என்ற மகனைத் துணைக்கு அழைக்கிறார். பிள்ளைகள் அவரது சொத்தை நினைத்துப் புழுங்க, அவரோ பந்தயக் குதிரைகளில் பணத்தைக் கொட்டுகிறார். ஷரீஅத் வகுத்த பங்கு அந்த வீட்டில் இருந்திருந்தால் கதையின் பாதி நின்றுபோயிருக்கும் என்று வாசிக்கும்போது சிரிப்பு வந்தது. ஆனால் அங்கே இயனுக்குத் தகப்பனைத் திரும்பப் பெற ஒரு முழு நாவல் கிடைக்கிறது. நெட்டுக்குக் கிடைப்பது ஒரு பிற்பகல். அதனாலேயே 'ஈவன் மணி' என்னைக் கூடுதலாகத் தொட்டது.

குறைகளும் உண்டு. குதிரைகளின் உடலில் செலுத்தும் அடையாளச் சில்லுகளை வைத்து நடக்கும் மோசடி கதையின் பிற்பாதியை விழுங்கிவிடுகிறது. வில்லன்கள் வெறும் முரடர்கள். இதற்கு நேர்மாறாக, மனநோய்க்காக மருத்துவமனையில் இருக்கும் மனைவி சோபியாவின் பகுதிகள் நிதானமும் இரக்கமும் கொண்டவை. கொலையாளியைத் தேடும் பக்கங்களைவிட, அவளைப் பார்க்கப் போகும் பக்கங்களையே நான் திரும்ப வாசித்தேன்.

இனி, இந்த நாவலைப் பற்றி பதுளையிலிருந்து ஒருவன் ஏன் எழுதவேண்டும்? கொழும்பு ரேஸ்கோர்ஸில் பந்தயங்கள் 1956உடன் நின்றன. நுவரெலியாவில் குதிரைகள் வசந்த காலத்தில் ஓடுகின்றன. ஆனால் ஊவாவின் பட்டினங்களில் ரேஸ் புக்கி நின்றதில்லை. அஸ்கொட்டில் பிற்பகல் இரண்டரைக்கு முதற் பந்தயம் என்றால் இங்கே இரவு ஏழு மணி. தோட்டத்து வேலை முடிந்து, பஸ்ஸில் இறங்கி, துண்டு எழுதுவதற்குத் தாராளமாக நேரமிருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர் ஆங்கிலக் குதிரையின் பெயரைப் பிழையின்றிச் சொல்வார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்துவதற்கு எத்தனை போராட்டம் என்பதை நாம் கண்டோம். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பது சம்பளத்துக்கு மறுநாளும் கொப்பி இல்லாமல் வரும் பிள்ளையின் முகத்தில் தெரியும். தோட்டத்துப் பிள்ளை மட்டுமல்ல, நமது பிள்ளையும்தான்.

இதை நமது சிறுகதைகளில் நான் காணவில்லை. சூது ஹராம் என்பதில் இரண்டாம் பேச்சில்லை. குதிரை ஓட்டம் ஹராமல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தியதையும், இப்னு உமர் (ரலி) அதில் கலந்துகொண்டதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பந்தயப் பணமே விலக்கப்பட்டது. ஆனால் சூதாடும் வாப்பாவைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் நாம் பயான் எழுதிவிடுகிறோம். வாப்பா திருந்துவார், அல்லது தண்டனை பெறுவார். வாசலில் காத்திருக்கும் மகனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. துண்டு எழுதிக் கொடுப்பவரும் ஒரு தகப்பன்தான் என்பதும், அவர் பிள்ளை பள்ளிவாசலில் எந்த ஸஃப்பில் நிற்கிறது என்பதும் நமக்குக் கதையாகத் தோன்றுவதில்லை. மர்மக் கதை மட்டமானது என்பார்கள். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமைப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' (1885) குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த மகனின் கதையல்லவா? ஆட்கடத்தலும் மறைந்த பிறப்பும் அங்கிருந்தே நம்மிடம் உண்டு.

பலகையை இன்னொரு தடவை பார்க்கலாம். பாட்டனை நம்பச் சொல்லும் அந்தப் பலகையின் கீழ் நின்றே பேரன் பிழைக்கிறான். குடும்பத்தின் பழைய கதை அவிழ அவிழ அந்த வாசகத்தின் பாரம் கூடிக்கொண்டே போகிறது. பெயரை மாற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவர். மாற்றாவிட்டால் தினமும் அதன்கீழ் நிற்கவேண்டும். இப்பகுதிகளில் மகன் பீலிக்ஸின் கை அதிகம் இருக்கவேண்டும் என்பது என் ஊகம். 2010 பெப்ரவரியில் டிக் பிரான்சிஸ் காலமானார். அடுத்த வருடம் பீலிக்ஸ் தனியே எழுதி வெளியிட்ட நாவலின் அட்டையில் 'டிக் பிரான்சிஸின் கேம்பிள்' என்று அச்சிட்டிருந்தது.