கணந்துளும் ஆக்காண்டியும்: இலக்கியத்தில் இயற்கையுண்மை பற்றிச் சில குறிப்புகள்

சங்கச் செய்யுட்களிலே இடம்பெறும் பறவைகளை இன்றைய பறவையியல் அறிவோடு ஒப்பிட்டு இனங்காணும் முயற்சி நமது ஆய்வுலகில் ஓரளவு வேரூன்றியுள்ளது. பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ (1976) இத்துறையிற் குறிப்பிடத்தக்க நூலாகும். இத்தகைய முயற்சிகளின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், இவற்றின் வழியே ஓர் அளவுகோலும் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. பறவையின் இயல்பைப் பிழையின்றிச் சொல்லும் செய்யுள் உயர்ந்தது. அதனின்று வழுவுவது அறியாமையின் பாற்பட்டது என்பதே அவ்வளவுகோல். சங்கப் புலவரை இயற்கை விஞ்ஞானிகளாகப் போற்றுவோர் பலரும் தம்மையறியாமலே இதனைக் கைக்கொள்கின்றனர். இது யதார்த்தம் பற்றிய குறுகிய விளக்கமாகும். ஒரேயொரு பறவையை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

உப்புக்கொத்திகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஆள்காட்டியை அறியாதவர் நம்மிடையே இலர். யாழ்ப்பாணத்தார் ஆட்காட்டி என்பர்; கிழக்கிலே அது ஆக்காண்டி. குளக்கரையிலும் வயல்வெளியிலும் தரவை நிலத்திலும் வாழும் இப்பறவை, மனிதரோ விலங்கோ அணுகியவுடன் இரவு பகல் என்றில்லாது கூக்குரலிடும். மரத்திற் கூடு கட்டுவதில்லை. வெறுநிலத்திலே சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையின் நிறமும் புள்ளிகளும் சுற்றியுள்ள கல்லோடும் மண்ணோடும் ஒன்றிவிடுவதால் அருகே சென்றாலும் அவை கண்ணிற் படா.

குறுந்தொகையின் 350ஆம் செய்யுள் ஆலந்தூர் கிழார் பாடியது. அதில் வழியோரத்திருந்த கணந்துள் என்னும் நீண்ட கால்களையுடைய பறவை, ஆட்கள் இருப்பதை அறிவித்து, வழிச்செல்வோரை விலகிப்போகச் செய்கின்றது. உரைகாரர் இப்பறவையை ஆள்காட்டி எனவே கொள்வர். நற்றிணை 212இலே, குடவாயிற் கீரத்தனார் பாட்டில், வேட்டுவன் விரித்த வலைக்கு அஞ்சிய கணந்துளின் தனித்த குரல், சுரத்தின் வழியே செல்லும் கோடியர் மீட்டும் நரம்பிசையோடு கலக்கின்றது. இரண்டும் பாலைப் பாட்டுக்கள். இரண்டிலும் பறவையின் இயல்பு பிழையின்றிக் கூறப்பட்டுள்ளது. ஆயினும் அதனைக் கூறியதோடு அமைந்தால் நாம் பாட்டின் வாயிலிலேயே நின்றுவிட்டவராவோம். பறவையின் குரலைக் கேட்போர் யாவர் என்பதே முதன்மையான வினா. பொருள் தேடிப் புறப்பட்டோர், வழிப்பறி செய்வோர், வேட்டுவர், பரிசிலை நாடி அலையும் கூத்தர் ஆகியோரே அவர்கள். வீட்டிலிருப்போனுக்கு அக்குரல் வெறும் இரைச்சல். வழி நடப்போனுக்கு அது உயிர்காப்பு. மறைந்திருப்போனுக்கு அதுவே காட்டிக்கொடுப்பு. ‘காட்டுதல்’ என்னும் சொல்லின் இவ்விரு முனைகளையும் ஆள்காட்டி என்ற பெயர் தன்னகத்தே கொண்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

பிற மரபுகளில் இப்பறவையின் குரலைவிட முட்டையே முதன்மை பெறுகின்றது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலே எழுந்த விசுத்திமக்கம், கிகி என்னும் பறவை தன் முட்டையைக் காப்பதுபோலத் துறவி தன் சீலத்தைக் காத்தல் வேண்டும் என்கிறது. சிங்கள மரபு அப்பறவையைக் கிரளா, அதாவது நமது ஆள்காட்டி, எனக் கொள்ளும். கடும் வெயிலில் வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிரச்செய்யும் பறவைக்கு அவ்வுவமை பொருத்தமானதே. பஞ்சதந்திரத்திலோ டிட்டிபம் என்னும் சிறு கரைப்பறவைச் சோடியின் முட்டைகளைக் கடல் கவர்ந்துகொள்கின்றது. பறவைகள் யாவும் ஒன்றுகூடிக் கருடனிடம் முறையிட, திருமாலின் சினத்துக்கு அஞ்சிக் கடல் முட்டைகளைத் திருப்பித் தருகின்றது. எளியோர் ஒன்றுசேர்வதைக் காட்டும் கதையே இது. எனினும் நீதி மேலிருந்தே வழங்கப்படுகின்றது. அரசகுமாரருக்கு அரசியல் கற்பிக்க எழுந்ததாகக் கூறிக்கொள்ளும் நூலில் வேறு முடிவை நாம் எதிர்பார்ப்பதற்கில்லை.

இனி, தமிழகத்திலே பரவலாக வழங்கும் ஆக்காட்டிப் பாடலை நோக்குவோம். இதற்குப் பாடவேறுபாடுகள் பல. எங்கே முட்டையிட்டாய் என்ற வினாவுக்குப் பறவை விடை கூறுவதாகப் பாடல் தொடங்கும். கல்லைத் துளைத்துக் கடலோரத்தில் முட்டையிட்டதையும், குஞ்சுகள் பொரித்ததையும், அவற்றுக்கு இரைதேடி மலைகளைச் சுற்றியதையும் அது சொல்லும். இறுதியில் வேடன் வைத்த கண்ணியிலே கால்கள் சிக்க, தாய்ப்பறவை அழுத கண்ணீர் ஆறாய்க் குளமாய்ப் பெருகும்.

இங்கே நமது அளவுகோல் முறிந்துவிடுகின்றது. ஏனெனில், ஆள்காட்டி தன் குஞ்சுகளுக்கு இரை தேடிக் கொடுப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே குஞ்சுகள் ஓடத் தொடங்கிவிடும். இரையைத் தாமே கொத்தித் தின்னும். தாயும் தந்தையும் காவல் செய்யும், ஆபத்தை அறிவிக்கும், ஊட்டுவதில்லை. இந்த அளவுகோலின்படி பார்ப்பின், பாடலின் நடுப்பகுதி முற்றிலும் பிழையானது.

இப்பிழை அறியாமையால் நேர்ந்ததென ஒருவர் வாதிக்கலாம். அவ்வாறாயின் இதே பாடல் முட்டை வெறுநிலத்துக் கற்களிடையே இடப்படுவதை எவ்வாறு அறிந்தது? கண்ணி, நிலத்தில் நடக்கும் பறவையின் காலைப் பற்றுவதை எவ்வாறு அறிந்தது? உழவுக் காலத்தில் அம்முட்டைகளைக் கண்டவரும், காலடியில் ஓடி மறையும் குஞ்சுகளைப் பார்த்தவரும் பாடிய பாடல் இது. அறிந்தவர் பிழைபடச் சொல்லும்போது அப்பிழைக்கு ஒரு காரணம் உண்டு எனக் கொள்வதே விமர்சன நெறியாகும்.

குஞ்சுகளை விட்டுவிட்டு இரைதேடி அலையும் அத்தாய், பறவையல்லள். பிள்ளையை வீட்டிலோ வரம்பிலோ கிடத்திவிட்டு நாற்று நடவும் கதிர் அறுக்கவும் சென்ற பெண்ணே அவள். கண்ணீர் ஆறாய்ப் பெருகுதல் ஒப்பாரி மரபுக்கு உரிய கூற்றாதலும் இதனை வலியுறுத்தும். பறவை மனிதக் குடும்பத்தின் சுமையை ஏற்கும் இடத்திலேயே பாடல் பறவையியலைக் கைவிடுகின்றது. வேறு வகையிற் கூறின், இயற்கையுண்மை முடியும் இடத்திலேயே சமுதாயவுண்மை தொடங்குகின்றது. கணந்துட் செய்யுட்களின் துல்லியமும் இப்பாடலின் வழுவும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டும் வாழ்வனுபவத்தின் தேவையால் எழுந்தவை. வழிப்போக்கனுக்குப் பறவை பறவையாகவே வேண்டியிருந்தது. கூலிப்பெண்ணுக்கு அது தானாகவே வேண்டியிருந்தது.

பாடலின் குறைபாட்டையும் நாம் மறைத்தல் தகாது. இங்கே திருமாலும் இல்லை. ஒன்றுகூடும் பறவைகளும் இல்லை. பாட வடிவங்கள் சிலவற்றிற் கண்ணி வைத்தவன் குறவனாக வருகிறான். தாயை வெளியே துரத்திய பசிக்குக் காரணமானவர் பாடலில் இடம்பெறவில்லை. தன்னைப்போன்றே வறியவனான ஒருவன்மேற் பழி விழுகின்றது. துயரத்தை முழுமையாக உணர்ந்த பாடல், அதன் மூலத்தைக் காணவில்லை.

‘நீர்வளையங்கள்’ (1988) தந்த கிழக்கிலங்கைக் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் (மறைவு 2012), தமது ‘ஆக்காண்டி’ கவிதைக்கு இப்பாடலின் வினா விடை வடிவத்தையே எடுத்துக்கொண்டமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளத்தக்கது. இரைதேடும் தாயின் குரல் அவரிடத்திலே உழைத்தும் வயிறு நிறையாத மனிதனின் குரலாக விரிகின்றது. நாட்டார் பாடலை அலங்காரமாக எடுத்தாளும் கவிஞர் பலர். இவரோ அதன் வழுவையே கைக்கொண்டு, அதனுள் அடங்கிக் கிடந்த பொருளை வெளிக்கொணர்ந்தார். மரபைக் கையாளுதல் என்பது இதுவே.

ஆகவே, இலக்கியத்திற் பறவையைத் தேடும் ஆய்வாளர் பறவையியலை நன்கு கற்றல் வேண்டும் என்பதே நம் கருத்தும். ஆனால் அக்கல்வி புலவனுக்குப் புள்ளி வழங்குவதற்காக அன்று. செய்யுள் இயற்கையோடு ஒன்றும் இடத்தையும் அதனைவிட்டு விலகும் இடத்தையும் பிரித்தறிவதற்கே அது தேவை. குஞ்சுக்கு ஆள்காட்டி ஊட்டுவதில்லை என்பதை அறியாத வாசகன், அப்பாடலிலே ஊட்ட முயன்று தோற்றவள் யார் என்பதையும் அறியமாட்டான்.